மறைந்த குறையும் தீர்ந்த குறையும்

குறைகள் இரு வகைப்படும். ஒன்று என்றும் நிலைத்து நிற்பது. மற்றொன்று வந்து வந்து மறைவது. நிலைத்து நிற்கும் குறையை நேர்மையான பகைவனுக்கு ஒப்பிடலாம். அது தன் இருப்பிடத்தை மறைப்பதில்லை. அறுந்த கம்பி அறுந்தே கிடக்கும். செத்த பேட்டரி செத்தே கிடக்கும். தேடுகின்றவன் இன்று இல்லாவிடினும் நாளை அதனைக் கண்டுவிடுவான். வந்து மறையும் குறையோ அத்தகையதன்று. தேடும்போது ஒளிந்துகொள்கிறது; தேடாதபோது தலைகாட்டுகிறது. அதனினும் தீயது யாதெனின், தேடுகின்றவனுக்கு அது ஒரு சலுகையும் தருகிறது. ‘நான்தான் போய்விட்டேனே, இனி ஏன் தேடுகிறாய்?’ என்று கேட்பது போல நடந்துகொள்கிறது. அச்சலுகையை ஏற்பதா, மறுப்பதா என்பது தொழில்நுட்ப வினாப் போலத் தோன்றும். உண்மையில் அது அறத்தைப் பற்றிய வினாவே ஆகும். குறை மறைந்துவிட்டால், குறை தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

பெரிய தத்துவ நூல்களைப் புரட்டாமலே இவ்வினாவை ஆராயலாம். ஒரு புல்வெட்டும் இயந்திரம் போதும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே இரயில் பாதை ஓரமாக அமைந்துள்ளது புக்கிட் தெங்கா. மலாய் மொழியில் இப்பெயர் ‘நடுக்குன்று’ எனப் பொருள்படும். இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய செபராங் பிறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களாலும், அதன்பின் இரப்பர்த் தோட்டங்களாலும் அறியப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர் இம்மண்ணில் உழைத்தனர். அம்முறை 1910-இல் மலாயாவில் ஒழிக்கப்பட்டது. தோட்டத்திலும், சாலை ஓரத்திலும், இரயில் பாதையின் இருமருங்கிலும் புல் வெட்டிய கைகளில் தமிழர் கைகள் எத்தனையோ! இன்று புக்கிட் தெங்காவில் தொழிற்பேட்டை எழுந்துள்ளது. செபராங் பிறை 2019-இல் மாநகர் என்னும் நிலையையும் பெற்றுவிட்டது. ஆயினும் புல் மட்டும் மாறவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கின்ற நாட்டில் புல்லுக்கு ஓய்வில்லை. ஆதலால் புல் வெட்டுகின்றவனுக்கும் ஓய்வில்லை. அரிவாளின் இடத்தை முதுகில் சுமக்கும் இயந்திரம் பிடித்தது. பரந்த திடல்களில், அமர்ந்து ஓட்டிச் செல்லும் இயந்திரம் அதன் இடத்தையும் பிடித்துள்ளது.

இத்தகைய இயந்திரம் ஒன்று சில நாள்களாகச் சரிவரக் கிளம்புவதில்லை என்று வைத்துக்கொள்வோம். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. இரண்டு மணி நேரம் வெட்டிய பின், தேநீர் அருந்துவதற்காக நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுக்கிறது. ‘டிக்’ என்று ஓர் ஓசை மட்டும் கேட்கிறது. சில வேளை அதுவும் கேட்பதில்லை. அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாதது போல் கிளம்பிவிடுகிறது. லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, முதல் திருப்பிலேயே உறுமி எழுகிறது.

இதன் காரணத்தை அறிய அவ்வியந்திரத்தின் மின்வழியைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். 12 வோல்ட் பேட்டரி. அதிலிருந்து ஃபியூஸ் வழியாகச் சாவி சுவிட்சு. அங்கிருந்து பாதுகாப்புச் சுவிட்சுகள். அவற்றைக் கடந்து சொலினாய்டு. சொலினாய்டு இணைத்துவிட்டதும் பேட்டரியின் பெருமின்னோட்டம் தடித்த கம்பி வழியே ஸ்டார்ட்டர் மோட்டாரை அடைந்து, இயந்திர உடலின் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி நெகிழ்ந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றதாகும். பாதுகாப்புச் சுவிட்சுகள் பெரும்பாலும் மூன்று. பிரேக் மிதி அழுத்தப்பட்டுள்ளதா என்று ஒன்று பார்க்கிறது. வெட்டும் கத்தி விடுவிக்கப்பட்டுள்ளதா என்று மற்றொன்று பார்க்கிறது. இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று மூன்றாவது பார்க்கிறது. இயந்திரத்துக்கு இயந்திரம் அமைப்பில் சிறு வேறுபாடு உண்டு, நோக்கம் ஒன்றே.

வெப்பம் இச்சங்கிலியில் விளையாடுகிறது. செம்பின் மின்தடை, வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை கூடுந்தோறும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயர்கிறது. சொலினாய்டின் சுருள் 50 பாகை சூடேறினால் அதன் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இணைப்புகள் சுத்தமாக இருந்தால் இந்தச் சிறு மாற்றத்தை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். மழை ஈரத்தால் துருவேறிய இணைப்பும் சேர்ந்துகொண்டால் தாங்காது. இருக்கையின் கீழ் அசைந்து அசைந்து, உறைக்குள்ளேயே நரம்பறுந்த கம்பியும் அவ்வாறே. குளிர்ந்தபின் நரம்புகள் தொட்டுக்கொள்கின்றன. சூடேறி அதிரும்போது விலகுகின்றன. பட்டறைக்குச் செல்லும் வழியில் காற்று பட்டு இயந்திரம் குளிர்ந்துவிடுகிறது. குறையும் உடன் மறைந்துவிடுகிறது. ஆக, குறை காட்டும் சூழலை வயலிலேயே விட்டுவிட்டு, குறையை மட்டும் பட்டறையில் தேடுகிறார்கள்.

இங்கேதான் முதல் அறச்சிக்கல் எழுகிறது. ‘கிளம்பவில்லை’ என்று சொன்னவர் ஒரு கூலித் தொழிலாளி. ‘கிளம்புகிறதே’ என்று சொல்பவர் மேற்பார்வையாளர். இயந்திரமோ மேற்பார்வையாளரின் முன்னிலையில் அவருக்கே சாட்சி சொல்கிறது. உடனே ஐயம் மனிதன் மேல் திரும்புகிறது. வெயிலுக்கு அஞ்சினான், வேலைக்கு அஞ்சினான், ஓட்டத் தெரியவில்லை என்று பலவாறு பேச்சு எழுகிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்னும் பழமொழி இதற்கே எழுந்தது போலும். துருவேறியது கம்பி, பழி சுமந்தவன் தொழிலாளி. பட்டறையில் இயந்திரம் கிளம்பியது உண்மை. வயலில் கிளம்பாததும் உண்மை. ஓர் உண்மையைக் கண்ணால் கண்டவன் மற்றோர் உண்மையைப் பொய்யெனத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. இரண்டு உண்மைகளும் பொருந்தும் இடம் எது என்று தேடுவதே அறிவுடைமை.

இத்தவற்றுக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் ‘தெராக்-25’ என்னும் கருவி, 1985-ஆம் ஆண்டுக்கும் 1987-ஆம் ஆண்டுக்கும் இடையே நோயாளர் அறுவருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள டைலர் நகரில் 1986 மார்ச்சில் ஒருவர் இவ்வாறு பாதிக்கப்பட்டார். பொறியாளர்கள் வந்து சோதித்தனர், குறை தலைகாட்டவில்லை. ஏப்ரல் 7-ஆம் நாள் கருவி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. நான்கே நாளில், ஏப்ரல் 11-ஆம் நாள், மற்றொரு நோயாளர் அதே முறையில் பாதிக்கப்பட்டார். இருவரும் பின்னர் உயிரிழந்தனர். குறையை வெளிக்கொணர்ந்தது யார்? அம்மருத்துவ நிலையத்தின் இயற்பியலாளரும், கருவியை நாள்தோறும் இயக்கிவந்த பணியாளரும் சேர்ந்தே அதனை வெளிக்கொணர்ந்தனர். திரையில் இட்ட குறிப்பை மிக விரைவாகத் திருத்தினால் மட்டுமே குறை தோன்றும் என்று கண்டனர். கைப்பழக்கம் உள்ள பணியாளரின் விரல்களுக்கே அவ்விரைவு இருந்தது. மெதுவாகச் சோதித்தவரிடம் கருவி நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டது. நாள்தோறும் கருவியோடு பழகுகின்றவரின் சொல்லைக் கேளாமல், அதன் குறையை அறிய முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது சிக்கல் காரணத்தைப் பற்றியது. இயந்திரம் கிளம்பவில்லை, பேட்டரியை மாற்றினார்கள், கிளம்பிவிட்டது. ‘பேட்டரிதான் காரணம்’ என்று முடிவு கட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழர் இல்லை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகாது என்பதை அப்பழமொழி நகைச்சுவையோடு உணர்த்துகிறது. நிலைத்த குறையில் இப்பிழை நேர்ந்தால் உடனே வெளிப்பட்டுவிடும். வந்து மறையும் குறையிலோ, எதைச் செய்தாலும் அது பலித்தது போலவே தோன்றும். ஏனெனில் ஒன்றும் செய்யாவிடினும் அரை மணியில் அக்குறை தானே மறைந்திருக்கும். இயந்திரத்தை ஒருமுறை உதைத்தவனும் தன் உதையே மருந்து என எண்ணிக்கொள்வான்.

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் சீத்தலைச் சாத்தனார் அளவை இலக்கணத்தை விரிவாகப் பேசுகிறார். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போன்ற அனுமானத்தில் எது செல்லும், எது போலி என்று அங்கே பகுத்துக் காட்டப்படுகிறது. காரணம் உள்ள இடத்தில் விளைவும் இருக்க வேண்டும். காரணம் நீங்கிய இடத்தில் விளைவும் நீங்க வேண்டும். உடன்பாட்டாலும் எதிர்மறையாலும், இருபுறமும் காட்டப்படுவதே உறுதியான அறிவாகும். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் இவ்விதியே பொருந்தும். ஐயத்துக்குரிய இணைப்பை அசைத்தால் குறை வருகிறது, இறுக்கினால் போகிறது, மீண்டும் நெகிழ்த்தினால் மீண்டும் வருகிறது. இவ்வாறு குறையைத் தன் கையால் வரவும் போகவும் செய்தவனே காரணத்தைக் கண்டவன். குறை தானாகப் போனதைக் கண்டவன் அதிர்ஷ்டத்தைக் கண்டவன் மட்டுமே.

அவ்வாறு காண்பதற்கு ஒரு நல்ல வழியும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி, மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் அத்தடையில் இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும் என்று கூறுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். துருவேறிய ஓர் இணைப்பின் தடை 0.04 ஓம் மட்டுமே. அவ்வளவு சிறிய தடையிலேயே 4 வோல்ட் தொலைந்துபோகிறது. 12 வோல்ட்டில் 4 போனால் மோட்டார் எப்படிச் சுழலும்? ஆனால் மோட்டாரை இயக்காமல் மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால், மின்னோட்டம் இல்லாததால் இழப்பும் இல்லை. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். பத்து நரம்பில் ஒன்பது அறுந்து ஒன்றே எஞ்சியிருந்தாலும் அதே 12 வோல்ட்டைத்தான் காட்டும்! ஆகவே அறிந்த மெக்கானிக்குகள் கத்தியை விடுவித்து, பிரேக்கைப் பூட்டி, பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே அளக்கிறார்கள். பேட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே ஓர் அளவு. இயந்திர உடலுக்கும் எதிர்முனைக்கும் இடையே மற்றோர் அளவு. இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அப்பகுதி நலம். மிகுந்தால் ஒவ்வொரு கண்ணியாக நெருங்கிச் சென்று, இழப்பு எங்கே என்று காணலாம். ‘டிக்’ ஓசையும் கேளாதபோது, சாவிக்கும் சொலினாய்டுக்கும் இடையிலுள்ள சிறு கம்பிகளிலும் சுவிட்சுகளிலும் இதே வழியில் தேட வேண்டும். இயந்திரம் சூடாக இருக்கும்போதே இதனைச் செய்வது சாலச் சிறந்தது.

சுமையின்றிச் செய்யும் சோதனை சோதனையாகாது என்பதே இதன் பொருள். இது கம்பிக்கு மட்டும் உரிய நீதியன்று. நட்பும், சங்கமும், நிருவாகமும் அமைதியான நாளில் பன்னிரண்டு வோல்ட்டையும் காட்டும். சுமை ஏறும் நாளில்தான் எத்தனை நரம்பு எஞ்சியுள்ளது என்பது தெரியவரும்.

மூன்றாவது சிக்கலே மிகக் கொடியது. தேடிச் சலித்தவன் கண்ணில் பாதுகாப்புச் சுவிட்சு படுகிறது. அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் இயந்திரம் தவறாது கிளம்புகிறது. ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை. குறை நீங்கியது போலவே தோன்றுகிறது. உண்மையில் நீங்கியது குறையன்று, காவலே ஆகும். பிரேக் சுவிட்சைக் கடந்துவிட்டால், கிளம்பிய நொடியிலேயே இயந்திரம் முன்னே பாயக்கூடும். கத்திச் சுவிட்சைக் கடந்துவிட்டால், சாவியைத் திருப்பும்போதே கத்தியும் சுழலக்கூடும். இருக்கைச் சுவிட்சைக் கடந்துவிட்டால், மேட்டிலே சறுக்கி விழுந்த மனிதனுக்காக இயந்திரம் நிற்காது. கத்தியின் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் விரைவில் சுழல்வது. தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில், பிடியை விட்ட மூன்று வினாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்று அமெரிக்கா 1982-இல் விதி வகுத்தது. அத்தகைய விதிகளுக்குப் பின்னே இழந்த விரல்களும் கால்களும் இருக்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ‘புல் வளர்ந்துகொண்டே இருக்கிறது, குத்தகைக்காரர் நாளைக்குள் முடிக்கச் சொல்கிறார், புதிய சுவிட்சு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை தொழிலாளியின் கூலிக்கு யார் பொறுப்பு?’ என்பது அம்மறுப்பு. வறுமை பேசும் இச்சொல்லை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. ஆயினும் இதில் ஒரு மறைவான கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கம்பியைப் பூட்டியவன் பெறுவது ஒரு நாள் வேலை. அதற்கான விலையைக் கொடுக்கக் கூடியவனோ பெரும்பாலும் வேறொருவன். அடுத்த மாதம் அதே இருக்கையில் அமரும் புதியவன், அந்தத் துண்டுக் கம்பியைப் பற்றி ஒன்றும் அறியான். தன் இடரைத் தானே ஏற்பது துணிவு எனப்படலாம். அறியாதவன் தலையில் இடரை ஏற்றிவைப்பது எவ்வகையிலும் துணிவாகாது. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. உடனடியாக நேரக்கூடிய ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நீக்காதபோது அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை அத்திருத்தம் அளிக்கிறது. ஆனால் ஆபத்து இருப்பதையே அறியாதவனுக்கு அவ்வுரிமையால் என்ன பயன்?

எல்லாம் முறையாகச் செய்தும் காரணம் அகப்படாமல் போவதுண்டு. அப்போது செய்யத்தக்கது யாது? இணைப்புகளைத் துடைத்து இறுக்கிவிட்டு, ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிடுவது எளிது. ‘இன்ன இணைப்புகள் சோதிக்கப்பட்டன, இன்ன அளவுகள் கிடைத்தன, குறை இப்போது தோன்றவில்லை, காரணம் கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவது கடினம். தன்மானம் தடுக்கிறது. ஆயினும் அவ்வரிதான் அடுத்துத் தேடுகின்றவனுக்கு விளக்காக அமைகிறது.

குறையை நீக்கியும் அதனை எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில கார்களில், சாவி சுவிட்சு போதிய இறுக்கமின்றி இருந்தது. ஓடும்போதே சில வேளை சாவி நழுவித் திரும்ப, இயந்திரம் நின்றது. விபத்தில் காற்றுப் பைகளும் விரியாமற் போயின. 2006-இல் அவ்வுறுப்பு உள்ளே திருத்தப்பட்டது. ஆனால் அதன் எண் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணைத் தாங்கியதால், காரணத்தைத் தேடியவர்கள் ஆண்டுக்கணக்கில் திகைத்தனர். 2014-இல்தான் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. 124 உயிரிழப்புகளுக்கு இழப்பீட்டுத் திட்டத்தின் வழி ஈடு வழங்கப்பட்டது. திருத்தியவர் கை செய்த நன்மையை, எழுதாத கை அழித்துவிட்டது எனலாம்.

வந்து மறையும் குறை இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையிலும் அதனைக் காணலாம். ஒரு மாணவன் திங்களன்று தெளிவாகப் படிக்கிறான், புதனன்று தடுமாறுகிறான். ‘முடியும், ஆனால் சோம்பல்’ என்று ஆசிரியர் எளிதில் முடிவு கட்டிவிடலாம். என்றும் படிக்க இயலாத பிள்ளைக்குக் கிடைக்கும் இரக்கம் கூட, சில நாள் மட்டும் இயலாத பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. புதனன்று அவன் காலையில் உண்ணாமல் வந்தானா? முந்திய இரவு வீட்டில் உறங்க முடிந்ததா? பின்வரிசையில் அமர்ந்த நாளில் கரும்பலகை கண்ணுக்குத் தெரிந்ததா? குறை தோன்றும் நாளின் சூழலைக் கேட்டறிய வேண்டும். கேளாமல், குறை தோன்றாத நாளை மட்டும் சான்றாகக் காட்டிக் கண்டிப்பது, குளிர்ந்த இயந்திரத்தைக் காட்டித் தொழிலாளியைப் பொய்யனாக்குவதற்கு ஒப்பாகும்.

குடும்பத்திலும் இஃது உண்டு. குடியால் வீட்டைக் கலக்கிய ஒருவன் ஒரு மாதம் அமைதியாக இருக்கிறான். ‘திருந்திவிட்டான்’ என்று உற்றார் மகிழ்கின்றனர். மகிழ்வது தவறன்று. ஆனால் எதனால் குடித்தான் என்பதும், எதனால் நிறுத்தினான் என்பதும் தெரியாதவரை, அவ்வமைதி குளிர்ந்த இயந்திரத்தின் அமைதியே ஆகலாம். மனைவி இன்னும் அஞ்சினால், அவளை நம்பிக்கையற்றவள் என்று கடிந்துகொள்ள யாருக்கும் உரிமையில்லை. சூடான நாளைக் கண்டவள் அவளே.

இவ்வாறு கூறுவதால், என்றும் ஐயத்தோடு வாழ வேண்டும் என்பது பொருளன்று. காரணம் கண்டறியப்பட்ட பின்னும் ஐயுறுவது நோய். கண்டறியப்படுமுன் நிறைவுறுவது மயக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. ‘இப்போது இயங்குகிறது, ஏன் நின்றது என்பது இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லும் நிலை அது. அந்நிலையில் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம், காவலைக் கழற்றலாகாது. மனிதனோடு உறவாடலாம், காயம்பட்டவரின் வாயை அடைக்கலாகாது. வேலையைத் தொடரலாம், ஏட்டில் பொய் எழுதலாகாது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயைத் தேர்ந்து அதன் முதற்காரணத்தையும் தேரும்படி மருத்துவனைப் பணிக்கிறார். நோயின் தோற்றம் தணிந்ததும் வேலை முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. புக்கிட் தெங்காவின் ஈரப் புல்வெளியில், சூடேறிய இயந்திரத்தின் அருகே மண்டியிட்டுச் சாவியைத் திருப்பியபடி மீட்டரைப் பார்க்கும் மெக்கானிக்கும் அந்த அறத்தையே கடைப்பிடிக்கிறான். குறை மறைந்ததைக் கண்டு அவன் எழுந்துவிடுவதில்லை. அது எங்கே இருந்தது என்பதைத் தன் கையால் தொட்டறிந்த பின்னரே எழுகிறான். மறைந்த குறை வேறு. தீர்ந்த குறை வேறு. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அறிவு. வேறுபாட்டை மறைக்காமல் சொல்வது அறம்.